மாதச் சம்பளத்தில் ஒரு சிம்பொனி: பிபிசி ஆர்கெஸ்ட்ரா பிறந்த காரணமும் பிழைத்த காரணமும்

ஒரு வானொலி நிலையம் வயலின், செல்லோ, டிரம்பெட் என்று நூறு கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? இன்று கேட்டால் நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். பெத்தோவனின் எந்தச் சிம்பொனியையும் கைபேசியில் நொடியில் போட்டுக் கேட்டுவிடலாம். 1920களில் நிலைமை வேறு. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் அடங்காது. நாற்பது நிமிடச் சிம்பொனி ஒன்றைக் கேட்க ஐந்தாறு தட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வரும்வரை வாத்தியக்காரர்கள் ஒரு புனலின் முன் நெருக்கி உட்கார்ந்துதான் வாசித்தார்கள். டபுள் பாஸின் ஆழமான ஒலி அதில் சரியாக விழாது. எனவே வானொலியில் நல்ல இசை வேண்டுமென்றால், ஆட்களை வரவழைத்து நேரடியாக வாசிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐரோப்பாவில் வானொலி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே லைப்சிக், கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் வானொலி நிலையங்களுக்கென்று தனி இசைக்குழுக்கள் முளைத்ததற்கு இதுதான் முதல் காரணம்.

பிரிட்டனில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. வானொலியில் இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டே இருந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று இசைத்தட்டு நிறுவனங்களும் அஞ்சின, வாத்தியக்காரர்களின் சங்கமும் அஞ்சியது. அதனால் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு போடக்கூடாது என்ற கட்டுப்பாடு பிபிசியின் மேல் பல பத்தாண்டுகள் இருந்தது. 1980களின் இறுதியில்தான் அது தளர்ந்தது. மீதி நேரத்தை நிரப்ப உயிருள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆனால் இந்த இரண்டு காரணங்களும் ஒரு சிறிய ஸ்டூடியோ குழுவுக்குப் போதும். உலகத் தரத்தில் ஒரு முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஏன் வந்தது என்பதற்கு லண்டனின் இசை உலகம் அன்று எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

லண்டன் வாத்தியக்காரர்கள் யாருக்கும் அப்போது நிரந்தரச் சம்பளம் கிடையாது. கச்சேரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குழுவில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டவருக்கு அதே நாளில் வேறு இடத்தில் கூடுதல் பணம் கிடைத்தால், தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பிவிட்டு அங்கே போய்விடுவார். ஒத்திகைக்கு வந்தவர் கச்சேரிக்கு வரமாட்டார், கச்சேரிக்கு வந்தவர் ஒத்திகையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1904இல் குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் இசை நடத்துநர் ஹென்றி வுட்டும் மேலாளர் ராபர்ட் நியூமனும், இனிமேல் பதிலாள் கூடாது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய நாற்பது பேர் விலகிப்போய் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த மாத வாடகைக்கு உத்தரவாதம் இல்லாதவர்களிடம் ஒழுங்கை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

1927இன் இறுதியில் ஃபுர்ட்வெங்லரின் தலைமையில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் லண்டனுக்கு வந்து வாசித்தது. ஒரே ஆட்கள், வருடக்கணக்கில் சேர்ந்தே ஒத்திகை பார்த்த கைகள். ஒரு ஆர்கெஸ்ட்ரா எப்படி ஒலிக்க வேண்டும் என்று லண்டன் ரசிகர்களுக்கு அன்று புரிந்தது. நம் ஊரில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்ற கேள்வி பத்திரிகைகளில் கிளம்பியது.

பணம் யாரிடம் இருந்தது? பிபிசியிடம். அதன் வருமானம் நுழைவுச்சீட்டிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ வரவில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 10 ஷில்லிங் லைசன்ஸ் கட்டினார்கள். தபால் நிலையத்தில் ரேடியோவுக்கு லைசன்ஸ் கட்டிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது, அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1930இல் அந்த லைசன்ஸ்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது, 1939இல் 90 லட்சத்தை நெருங்கியது. நுழைவுச்சீட்டு விற்கிறதா என்று பாராமல், ஆண்டு முழுவதும் சம்பளம் தரக்கூடிய நிலையில் அன்று நாட்டில் இருந்த இசை முதலாளி பிபிசி ஒன்றுதான். 1927இலேயே, ஆதரவின்றித் தவித்த ஹென்றி வுட்டின் கோடைக்கால ப்ரோம்ஸ் கச்சேரிகளை அது கையில் எடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் பேச்சு நடந்தது தாமஸ் பீச்சத்துடன். இங்கிலாந்தின் பெரும் இசை நடத்துநர்களில் ஒருவர், பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, எதையும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள விரும்புபவர். பிபிசியின் தலைவர் ஜான் ரீத்தும் பிடியை விடுகிற ஆள் இல்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போய் முறிந்தது. பீச்சம் 1932இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கைத் தொடங்கி, பிபிசியின் குழுவுக்கே போட்டியாக நிறுத்தினார். அந்த முறிவு நல்லதற்கே என்பது என் எண்ணம். பீச்சம் வந்திருந்தால் அது பீச்சத்தின் ஆர்கெஸ்ட்ராவாக இருந்திருக்கும். அவர் போகும்போது அதுவும் போயிருக்கும்.

அந்த இடத்துக்கு வந்தவர் ஏட்ரியன் போல்ட். மேடையில் ஆர்ப்பாட்டம் இல்லாதவர். லைப்சிக்கில் படித்தபோது ஆர்தர் நிக்கிஷ் நடத்துவதை உன்னிப்பாகப் பார்த்துக் கற்றவர். உடம்பை ஆட்டாமல் கோலின் நுனியாலேயே பேசும் வகை. 1930இல் பிபிசியின் இசை இயக்குநரானார், மறு ஆண்டு ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநரும் ஆனார்.

குழுவின் அமைப்பை எட்வர்ட் கிளார்க், ஜூலியன் ஹெர்பேஜ் போன்ற பிபிசி அதிகாரிகள் வரைந்திருந்தார்கள். அந்தத் திட்டம் மிக நேர்த்தியானது. மொத்தம் 114 பேர். பெரிய படைப்புகளுக்கு எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். மற்ற நாட்களில் அதே ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு நாடகத்துக்கு இசை வாசிக்கும்போது இன்னொரு குழு மொஸார்ட் வாசிக்கலாம். ஒரே சம்பளப் பட்டியலில் பல இசைக்குழுக்கள். ஆட்களைச் சேர்க்க நாடெங்கும் தேடினார்கள். ஹார்னில் ஆப்ரே பிரெய்ன், கிளாரினெட்டில் ஃபிரெடரிக் தர்ஸ்டன், டிரம்பெட்டில் எர்னெஸ்ட் ஹால், முதல் வயலினில் ஆர்தர் கேட்டரால் என்று அந்தக் காலத்தின் தலைசிறந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஹாமில்டன் ஹார்ட்டி, பிபிசி தங்கள் ஆட்களைப் பறித்துக்கொள்கிறது என்று வெளிப்படையாகவே கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நாடு முழுவதும் கட்டிய லைசன்ஸ் பணம் லண்டனில் போய்க் குவிந்தது.

1930 அக்டோபர் 22, குவீன்ஸ் ஹால். வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' முன்னிசை, கியெர்மினா சுஜியா வாசித்த சென்-சான்ஸ் செல்லோ கன்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்நிற்க ஆர்கெஸ்ட்ரா துணைவரும் படைப்பு), பிராம்ஸின் நான்காம் சிம்பொனி, ரவெலின் 'தாஃப்னிஸ் ஏ க்ளோயே' இரண்டாம் தொகுப்பு. விமர்சகர்கள் மகிழ்ந்தார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்த ஒரு குழுவை லண்டன் கடைசியில் பெற்றுவிட்டது.

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான இடம் வருகிறது. மாதச் சம்பளம் என்றால் ஒத்திகை நேரம். ஒத்திகை நேரம் கிடைத்தால் கடினமான புதிய இசையை வாசிக்க முடியும். கூலிக்கு ஆள் பிடிக்கும் குழுவுக்கு ஒவ்வொரு கூடுதல் ஒத்திகையும் நஷ்டக் கணக்கு, அது தெரிந்த பெத்தோவனையே திரும்பத் திரும்ப வாசிக்கும். பிபிசிக்கு அந்த அச்சம் இல்லை. புதிய இசையின் முன்னோடியான ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1931இல் லண்டனுக்கு வந்து தன் படைப்புகளைத் தானே நடத்தினார். அவருடைய மாணவர் வெபர்ன் பலமுறை வந்தார். 1934 மார்ச் 14 அன்று அல்பன் பெர்கின் 'வோட்செக்' ஆப்பராவைப் போல்ட் கச்சேரி வடிவில் முழுமையாக நடத்தினார். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்துவிட்ட நேரம், பெர்கின் இசைக்கு அங்கே இடம் இல்லை. அவர் போல்ட்டுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். பெர்க் இறந்தபின், அவருடைய வயலின் கன்செர்ட்டோவை 1936 மே 1 அன்று இதே குழு வெபர்ன் தலைமையில் வாசித்தது. வயலினில் லூயிஸ் கிராஸ்னர். அன்று பதிவான தட்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்ததால் அந்த மாலையை நாம் இன்றும் கேட்க முடிகிறது.

அதே 1936இல் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் தன்னுடைய வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) கன்செர்ட்டோ ஒன்றை வாசிக்க லண்டன் வந்திருந்தார், கச்சேரி ஜனவரி 22இல். 20ஆம் தேதி இரவு அரசர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துபோனார். கச்சேரி ரத்து. துக்கத்துக்குப் பொருத்தமாக ஹிண்டமித் எதையாவது வாசிக்கலாமே என்று போல்ட்டும் கிளார்க்கும் யோசித்தார்கள், பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை. சரி, புதிதாகவே எழுதிவிடலாம் என்று 21ஆம் தேதி பிபிசி அலுவலகத்தில் ஓர் அறையைக் கொடுத்தார்கள். காலை 11 மணிக்கு உட்கார்ந்தவர் மாலை 5 மணிக்கு முடித்தார். நகல் எடுப்பவர்கள் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரதி எடுத்தார்கள். அன்று மாலையே நேரடி ஒலிபரப்பு, போல்ட் நடத்த ஹிண்டமித் வியோலா வாசித்தார். 'ட்ராவர்மியூசிக்' (துக்க இசை) என்று இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் அந்த எட்டு நிமிட இசை இப்படிப் பிறந்தது. ஆர்கெஸ்ட்ரா, ஸ்டூடியோ, அலைவரிசை, நகல் எடுப்பவர்கள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால்தான் காலையில் தொடங்கிய ஒரு படைப்பை மாலையில் நாடே கேட்க முடிந்தது.

அப்புறம் ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் மூன்றாம் சிம்பொனி. பெர்னார்ட் ஷாவின் தூண்டுதலில் 1932இல் பிபிசி 1000 பவுன் தருவதாகச் சொல்லி எல்கரிடம் ஒரு சிம்பொனி கேட்டது. எல்கர் 1934 பிப்ரவரியில் இறந்தபோது துண்டு துண்டாகக் குறிப்புகள்தான் மிஞ்சின. யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. அந்தோனி பெய்ன் என்ற இசையமைப்பாளர் குடும்பத்தாரின் இசைவோடு அதை விரித்து எழுதி முடித்தார். 1998 பிப்ரவரி 15 அன்று ஆண்ட்ரூ டேவிஸ் தலைமையில் முதன்முறை வாசித்தது பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராதான். கேட்டு வைத்த படைப்பை 66 ஆண்டுகள் கழித்து, கேட்ட நிறுவனத்தின் குழுவே வாசித்தது.

1935இல் இத்தாலிய நடத்துநர் டொஸ்கனினி விருந்தினராக வந்தார். வாத்தியக்காரர்களைக் கதிகலங்க வைப்பவர் என்று பெயர் எடுத்தவர் இவர்களிடம் மகிழ்ந்துபோய் 1937, 1938, 1939 என்று திரும்பத் திரும்ப வந்தார். இதே காலத்தில் அமெரிக்காவில் என்பிசி வானொலி நிறுவனம் அவருக்காகவே ஒரு ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கியது. 1937 கிறிஸ்துமஸ் நாளில் நியூயார்க்கின் ஸ்டூடியோ 8-எச்சில் அவருடைய முதல் ஒலிபரப்பு. அமெரிக்கா முழுவதும் கேட்டது, இசைத்தட்டுகள் குவிந்தன. ஆனால் 1954இல், 87 வயதில் அவர் ஓய்வு பெற்றதும் என்பிசி குழுவைக் கைவிட்டுவிட்டது. கலைஞர்கள் 'சிம்பொனி ஆஃப் தி ஏர்' என்ற பெயரில் தாங்களாகவே சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தார்கள், 1963க்கு மேல் முடியவில்லை. விளம்பரப் பணத்தில் ஒரு மேதைக்காகக் கட்டப்பட்ட குழு 17 ஆண்டு வாழ்ந்தது. லைசன்ஸ் பணத்தில் ஒரு திட்டத்துக்காகக் கட்டப்பட்டது இன்றும் வாசிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் இசைக்குழுவின் ஆயுளை அதன் திறமையைவிடப் பணம் வரும் வழிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1939 செப்டம்பரில் போர் வந்தது. குழுவைப் பிரிஸ்டலுக்கு மாற்றினார்கள். பாதுகாப்பான ஊர் என்று நம்பிப் போன இடத்திலேயே குண்டுகள் விழுந்தன. 1941இல் மறுபடி மூட்டை கட்டி பெட்ஃபோர்டுக்குப் போனார்கள். இளம் வாத்தியக்காரர்கள் பலர் படையில் சேர்ந்துவிட்டார்கள். அந்த மே மாதம் லண்டனில் குவீன்ஸ் ஹால் குண்டு வீச்சில் எரிந்து போயிற்று, முதல் கச்சேரி நடந்த மேடை இல்லாமலே போனது. பெட்ஃபோர்டின் தானியச் சந்தைக் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பு தொடர்ந்தது. கிளென் மில்லரின் அமெரிக்க ராணுவ பேண்டும் 1944இல் இதே கட்டடத்தில் வாசித்தது.

போர் முடிந்தபின் ஒரு நீண்ட சரிவு. ஃபில்ஹார்மோனியா, ராயல் ஃபில்ஹார்மோனிக் என்று புதிய குழுக்கள் லண்டனில் முளைத்தன. இசைத்தட்டு ஒலிப்பதிவில் நல்ல காசு கிடைத்தது. பிபிசியின் சம்பளம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, சிறந்தவர்கள் வெளியேறினார்கள். 1950இல் போல்ட்டையே, 60 வயது விதியைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். அவர் உடனே லண்டன் ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்து, அதற்கு அப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல் இசை நடத்தினார். நிறுவனத்தின் நிரந்தரத்தன்மை தருவது ஒத்திகை நேரம் மட்டும் இல்லை, இப்படிப்பட்ட கண்மூடித்தனமான விதிகளும் அதோடு சேர்ந்தே வரும்.

அடுத்து வந்த மால்கம் சார்ஜென்ட் ப்ரோம்ஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. குழுவினருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்குப் பின் நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்த ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ். 1960களில் அன்டால் டோராட்டி, காலின் டேவிஸ் காலத்தில் தரம் மறுபடி ஏறியது.

ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் மேடையில் நின்றவர் எவருமில்லை, 1959இல் பிபிசி இசைப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வில்லியம் க்ளாக். பழைய மேதைகளையும் நேற்று எழுதப்பட்டதையும் ஒரே நிகழ்ச்சியில் அருகருகே வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ப்ரோம்ஸின் கதவுகளைத் திறந்தார். 1966இல் அங்கே வாசித்த முதல் வெளிநாட்டுக் குழு மாஸ்கோ வானொலியின் ஆர்கெஸ்ட்ரா, அதுவும் ஒரு வானொலிக் குழுதான். 1967 ஜனவரியில், பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, பிபிசி குழு நடத்துநர்கள் பார்பிரோலி, பியேர் பூலெஸ் இருவரோடும் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் போனது. அந்தப் பூலெஸ்தான் 1971இல் தலைமை நடத்துநரானார். ரயில் எஞ்சின் கொட்டகையாக இருந்து அரங்கமான ரவுண்ட்ஹவுஸில் இளைஞர்களுக்காக நிகழ்ச்சிகள் நடத்தினார், புதிய இசையை வாசித்துக் காட்டி, விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஷோன்பெர்கை அழைத்த 1931ஆம் ஆண்டின் துணிவு நாற்பது ஆண்டு கழித்து முழு வேகத்தோடு திரும்பி வந்ததாகவே இதைப் பார்க்கிறேன்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் வானொலிகள் ஒவ்வொன்றும் ஒரு ஆர்கெஸ்ட்ராவை வைத்திருந்தன. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபியர்' 1961இல் டொனாவெஷிங்கனில் முதன்முறை ஒலித்தது பாடன்-பாடன் வானொலிக் குழுவின் கைகளில், ஹான்ஸ் ரோஸ்பாவ்ட் தலைமையில். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி இசை வரலாற்றில் வானொலிகளை நீக்கிவிட்டால் பக்கங்கள் பாதியாகிவிடும்.

இந்த விதை இந்தியாவிலும் விழுந்தது. 1935இல் பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன்தான் இங்கே அகில இந்திய வானொலியைக் கட்டியெழுப்பினார். ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் டெல்லி நிலையத்தில் வேலை பார்த்தபடி, இந்திய வாத்தியங்களைச் சேர்த்து ஒரு குழுவாக வாசிக்க வைக்க முயன்றார். 1939இல் கல்கத்தாவில் இறந்துபோனார். சுதந்திரத்துக்குப் பின் 1952இல் ரவிசங்கர், டி.கே. ஜெயராம ஐயர் இருவரின் பொறுப்பில் ஆகாசவாணியின் வாத்ய விருந்தா பிறந்தது, இந்துஸ்தானியும் கர்நாடகமும் ஒரே கூரையின் கீழ். அது சிம்பொனி இல்லைதான். ஆனால் வானொலி சம்பளம் கொடுத்ததால் உருவான இசைக்குழு என்ற வகையில் பிபிசி குழுவுக்கு அது உறவு.

இசைத்தட்டு நீண்டது, ஸ்டீரியோ வந்தது, கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆர்கெஸ்ட்ரா பிறக்கக் காரணமாக இருந்த தொழில்நுட்ப நெருக்கடி ஒவ்வொன்றாக மறைந்தது. அப்போதிலிருந்துதான் கணக்கதிகாரிகள் பேனாவை எடுத்தார்கள். 1980இல் பிபிசி தன் 11 குழுக்களில் ஐந்தைக் கலைக்கப்போவதாக அறிவித்தது. ஜூன் 1 முதல் வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம். ஜூலையில் தொடங்க வேண்டிய ப்ரோம்ஸ் ஆகஸ்ட் 7 அன்றுதான் தொடங்கியது. பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனி தப்பியது, சில சிறிய குழுக்கள் போயின. இத்தாலியின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராய் பல நகரங்களில் இருந்த தன் குழுக்களைக் குறைத்து 1994இல் டுரினில் ஒன்றே ஒன்றாக்கியது. 2013இல் கிரேக்க அரசு வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தையே ஒரே இரவில் மூடியது. லிகெட்டியை முதலில் வாசித்த அந்தப் பாடன்-பாடன் குழுவும் 2016இல் ஸ்டுட்கார்ட் குழுவோடு இணைக்கப்பட்டுத் தனி அடையாளத்தை இழந்தது.

2023 மார்ச்சில் லண்டனின் முறை. லைசன்ஸ் கட்டணம் 159 பவுனில் இரண்டு ஆண்டுகளாக உறைந்திருந்தது, விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. பிபிசி சிம்பொனி உள்ளிட்ட மூன்று ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்தில் ஒரு பங்கு நிரந்தர வேலைகளைக் குறைப்போம், பிபிசி பாடகர் குழுவை மூடுவோம் என்று அறிவிப்பு வந்தது. இசையமைப்பாளர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். சில வாரங்களுக்குள் பாடகர் குழுவை மூடும் முடிவை நிறுத்திவைத்த பிபிசி, ஆர்கெஸ்ட்ராக்கள் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேசவும் இறங்கி வந்தது.

நிரந்தர ஆட்களைக் குறைத்துத் தேவைக்கு வெளியாட்களை அழைத்துக்கொள்ளலாம் என்ற அந்த யோசனை கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அது 1904க்கு முந்தைய லண்டனை நோக்கிப் போகும் பாதை. மாநகரில் இன்னும் நான்கு பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் இருக்கின்றன, பிராம்ஸ் கேட்க ஆள் இல்லாமல் போகாது. இன்னும் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய, மூன்று நாள் ஒத்திகை பார்க்காமல் வாசிக்க முடியாத ஒரு படைப்புக்கு யார் பொறுப்பேற்பார்கள்? பிபிசி குழு அந்த வேலையை நிறையவே செய்து வந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் காற்றில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதற்கு மாற்று ஏற்பாடு எதையும் அந்த அறிவிப்பில் நான் காணவில்லை.

இதற்கிடையில் குழுவின் வீடும் மாறுகிறது. 1909இல் ரோலர் ஸ்கேட்டிங் அரங்காகக் கட்டப்பட்ட மைடா வேல் கட்டடத்தை பிபிசி ஸ்டூடியோவாக மாற்றியது 1934இல். அன்றிலிருந்து ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகையும் ஒலிப்பதிவும் பெரும்பாலும் அங்கேதான். அதை விட்டுப் போகும் முடிவு 2018இல் வந்தது, 2023இல் சினிமா இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரும் அவர் கூட்டாளிகளும் வாங்கினார்கள், ஸ்டூடியோவாகவே வைத்திருக்கப்போவதாகச் சொல்லி. கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில், ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி பிபிசி தன் புதிய இசைக்கூடத்தைக் கட்டியிருக்கிறது. சாக்கரி ஒராமோ 2013இல் தலைமை நடத்துநரானார். ப்ரோம்ஸின் முதல் இரவும் கடைசி இரவும் வழக்கமாக இன்னும் இவர்களுடையவை.